கையோடு கை பேசும் வயது



ஒரு சோதனையைச் சொல்லித் தொடங்குகிறேன். பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவையில்லை. மூன்று வயதுக் குழந்தை ஒன்றை மேசை முன் உட்கார வைக்கிறோம். அதன் கைகள் இரண்டும் ஒரு திரைக்கு அப்பால் இருக்கின்றன. எதைத் தொடுகிறோம் என்று அதனால் பார்க்க முடியாது. வலக்கையில் ஒரு துணித்துண்டைத் தடவிப் பார்க்கக் கொடுக்கிறோம். பிறகு அதே கையில் இன்னொரு துண்டு. இரண்டும் ஒரே துணியா, வேறு வேறா? குழந்தை பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறது. அடுத்து, முதல் துண்டை வலக்கையிலும் இரண்டாவதை இடக்கையிலும் கொடுக்கிறோம். கேள்வி மாறவில்லை, துணியும் மாறவில்லை. ஆனால் தவறுகள் கூடிவிடுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே கையில் கொடுத்தாலும் இரண்டு கைகளில் கொடுத்தாலும் அது செய்யும் தவறுகள் ஏறத்தாழ ஒரே அளவுதான். டேவிட் கேலினும் அவருடைய சகாக்களும் 1979இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது.

இதில் என்ன நடக்கிறது? வலக்கை தொட்டு அறிவது இடப்பக்க மூளைக்குப் போகிறது, இடக்கை அறிவது வலப்பக்க மூளைக்கு. ஒரே கையில் இரண்டு துணிகளையும் ஒப்பிடும்போது வேலை ஒரு பாதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டு கைகளில் பிரித்துக் கொடுத்தால் ஒரு பாதி அறிந்ததை மற்றப் பாதிக்குச் சொல்லியாக வேண்டும். மூன்று வயதில் அந்தச் செய்தி போய்ச் சேருகிறது, ஆனால் தேய்ந்து போய்ச் சேருகிறது. ஐந்து வயதுக்குள் அது தெளிவடைந்துவிடுகிறது. இடையில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளிலும், அவற்றுக்கு முன்னும் பின்னும், தலைக்குள் என்ன நிகழ்கிறது என்பதுதான் இன்றைய என் பொருள். இதை மூளையின் 'இணைப்பு வளர்ச்சி' என்று சொல்லிவிட்டால் கேட்பவர்கள் ஒரு பெருக்கத்தை எண்ணிக்கொள்வார்கள். நடப்பதில் பெரும்பகுதி பெருக்கம் இல்லை. இழப்பதும் அடக்குவதும் அதில் பாதிக்கு மேல் இருக்கிறது. குழந்தைகள் நரம்பியல் மருத்துவனாக நான் ஆசிரியர்களிடம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

முதலில் உடற்கூற்றைப் பார்த்துவிடுவோம். பெருமூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் மிகப்பெரிய நரம்பிழைப் பட்டைக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். ஏறத்தாழ 20 கோடி இழைகள் அதன் வழியே குறுக்கே செல்கின்றன. இது தவிர முன்புற இணைப்பு போன்ற சில சிறிய பாதைகளும் உண்டு.

இந்தப் பட்டை உருவாவது கருவில். பதினோராவது, பன்னிரண்டாவது வாரவாக்கில் முதல் இழைகள் நடுக்கோட்டைக் கடக்கின்றன. இருபதாவது வாரத்துக்குள் பட்டையின் முழு வடிவமும் ஏறத்தாழ அமைந்துவிடுகிறது. நடுக்கோட்டைக் கடப்பது சாதாரண காரியமில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பிழையின் நுனி, சுற்றிலும் உள்ள செல்கள் வெளியிடும் வேதிக் குறிப்புகளைப் படித்துப் படித்துத்தான் திசை பிடிக்கிறது. நெட்ரின் என்ற புரதம் 'இப்படி வா' என்று அழைக்கிறது. அந்த அழைப்பைக் கேட்கும் வாங்கி, இழையின் நுனியில் டிசிசி என்ற மரபணுவின் தயவால் உண்டாகிறது. இந்த மரபணுவில் பிழை இருந்தால் சிலருக்குப் பட்டையே உருவாவதில்லை. வேறு சிலருக்கு, ஒரு கையை அசைத்தால் மறு கையும் தானாகவே அதே அசைவைச் செய்யும் விசித்திரமான நிலை வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

இந்தப் பருவத்து மூளையைப் பற்றி உலகம் இப்போது சென்னையிலிருந்தும் தெரிந்துகொள்கிறது என்பது நமக்குப் பெருமை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கரு மூளையின் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கர்ப்பத்தின் 14 முதல் 24 வாரங்கள் வரையிலான ஐந்து கரு மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 வெட்டுகளைச் செல் அளவில் படம்பிடித்திருக்கிறார்கள். உலகில் எவரும் இணையத்தில் அதைத் திறந்து பார்க்கலாம். நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் பட்டை உருவாகி முடிவது சரியாக அந்த வாரங்களில்தான்.

ஆக, குழந்தை பிறக்கும்போது இரு பாதிகளுக்கும் நடுவே இழைகள் போடப்பட்டாயிற்று. அப்படியானால் மூன்று வயதுக் குழந்தை ஏன் தடுமாற வேண்டும்?

இதற்கான விடையின் முதல் பகுதி பூனைக்குட்டிகளிடமிருந்து கிடைத்தது. ஜார்ஜியோ இன்னொசென்டி என்ற ஆய்வாளர் 1977இல், பிறந்த பூனைக்குட்டிகளின் மூளையில் கலோசம் வழியாகச் செல்லும் இழைகளின் மூலங்களைத் தேடினார். வளர்ந்த பூனையில் மிகக் குறுகிய பகுதிகளிலிருந்து மட்டுமே கிளம்பும் இழைகள், குட்டியில் எங்கிருந்தெல்லாமோ கிளம்பியிருந்தன. பின்னால் தேவையில்லாத இடங்களிலிருந்தும் கூட. அதாவது மூளை முதலில் அளவுக்கு மீறிப் போட்டுவிடுகிறது, பிறகு களைகிறது. எவ்வளவு களைகிறது என்பதை எண்ணிக் காட்டியவர்கள் ஆந்தனி லாமாண்டியாவும் பாஸ்கோ ராக்கிச்சும். ரீசஸ் குரங்குகளை வைத்து அவர்கள் செய்த கணக்கு 1990இல் வெளியானது. பிறந்த குரங்குக்குட்டியின் கலோசத்தில் 18.8 கோடி இழைகள். வளர்ந்த குரங்கில் 5.6 கோடி. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காணாமல் போய்விடுகிறது. பிறந்த முதல் மூன்று வாரங்களில் நாளொன்றுக்கு 44 லட்சம் இழைகள் வீதம் மறைகின்றன. நொடிக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும் ஒரு குட்டியின் தலைக்குள் இது நடக்கிறது.

இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. மருத்துவக் கல்லூரியில் 'இழப்பு' என்ற சொல்லை நாங்கள் நோயின் பக்கத்தில்தான் எழுதி வைத்திருந்தோம். இங்கே இழப்புதான் ஆரோக்கியம். எந்த இழை எஞ்ச வேண்டும், எது போக வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பயன்பாடு. இரு பாதிகளிலும் ஒரே நேரத்தில் இயங்கும் செல்களுக்கிடையே உள்ள இணைப்பு நிலைக்கிறது, வேலையில்லாதது வாடுகிறது. குட்டிப் பருவத்தில் கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைத் தடுத்தாலோ, பார்வையைக் கோணலாக்கினாலோ, எந்த இழைகள் தங்குகின்றன என்பது மாறிவிடுவதைப் பூனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு முரண்பாடு எழும். இழைகள் குறைகின்றன என்கிறேன். ஆனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் குழந்தையின் கலோசம் ஆண்டுக்காண்டு தடித்துக்கொண்டே போகிறது. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது வளர்கிறது. இரண்டும் உண்மை. எஞ்சிய இழைகள் தடிக்கின்றன, அவற்றின்மேல் மையலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. மின்கம்பியின் மேலுறை போன்றதுதான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: இந்த உறை செய்தியின் வேகத்தையும் பல மடங்கு கூட்டிவிடுகிறது. பிறந்த குழந்தையின் கலோசத்தில் மையலின் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். மூன்று, நான்கு மாத வாக்கில் பட்டையின் பின்முனையில் அது தென்படத் தொடங்கும். பார்வைக்கான இழைகள் செல்லும் பகுதி அது. முன்பகுதியில் தெரிய ஆறு மாதமாகும். எட்டு மாதத்தில் படத்தில் பார்ப்பதற்குப் பெரியவர்களுடையதைப் போலவே இருக்கும். ஆனால் அது படத்தின் மேலோட்டத் தோற்றம்தான். இழை இழையாக உறை ஏறும் வேலை அதன்பின் பல ஆண்டுகளுக்குத் தொடர்கிறது. யாகோவ்லேவும் லெகூரும் 1967இல் இறந்தோர் மூளைகளை வெட்டிச் சாயமேற்றி ஆராய்ந்து, கலோசம் ஏறத்தாழ பத்து வயது வரை உறையேறிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினார்கள்.

வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே சீராக நடப்பதில்லை. பால் தாம்சன் தலைமையிலான குழு, மூன்று முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளைச் சில ஆண்டுகள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் எம்ஆர்ஐ எடுத்து, 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அந்த வளர்ச்சியின் வரைபடத்தை வெளியிட்டது. மூன்று முதல் ஆறு வயது வரை வேகம் முன்பகுதியில். நெற்றிப்பக்க மூளைகளை இணைக்கும் இழைகள் அங்கேதான் செல்கின்றன. கவனத்தை நிறுத்துவது, செயலைத் திட்டமிடுவது எல்லாம் அந்தப் பக்கத்து வேலை. ஆறு வயதுக்குப் பின் வேகம் பின்னால் நகர்ந்து, மொழியோடு தொடர்புடைய பகுதிகளை இணைக்கும் இடத்தில் மையம்கொள்கிறது. பருவமடையும் வயது வரை அங்கே நீடித்துப் பிறகு தணிகிறது. அந்த வயதுகளைப் பள்ளியோடு ஒட்டிப் பாருங்கள்: முதலாவது நிகழ்வது மழலையர் பள்ளி வயதில், இரண்டாவது தொடக்கப்பள்ளியில். பள்ளியால்தான் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மூளையின் கால அட்டவணையும் நம்முடைய அட்டவணையும் எங்கே சேருகின்றன, எங்கே விலகுகின்றன என்று ஆசிரியர் தெரிந்துவைத்திருப்பது நல்லது, அவ்வளவுதான்.

வேகத்தை அளக்கவும் வழி உண்டு. 1912இல் போஃபென்பெர்கர் என்ற உளவியலாளர் கண்டுபிடித்த உத்தி இன்றுவரை பயன்படுகிறது. பார்வைப் புலத்தின் இடப்பக்கத்தில் ஒரு வெளிச்சத்தைப் பளிச்சிட வைத்தால் அது வலப்பாதி மூளைக்குப் போகும். இடக்கையால் பொத்தானை அழுத்தச் சொன்னால் அந்தப் பாதியே கட்டளை இடும். வலக்கையால் அழுத்தச் சொன்னால் செய்தி ஒருமுறை நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். இரண்டுக்குமான கால வேறுபாடுதான் கடக்கும் நேரம். பெரியவர்களில் அது மூன்று, நான்கு மில்லி நொடி. கலோசமே இல்லாதவர்களில் பதினைந்து, இருபது அல்லது அதற்கும் மேல். குழந்தைகளில் மூளையின் மின்னலைகளை வைத்து இதே கடத்தலை ஆலன் சலாமி 1978இல் அளந்தார். வயது ஏற ஏற அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

இதுவரை சொன்னது ஒரு பாதி மற்றதற்குச் செய்தி சொல்வதைப் பற்றி. இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது ஒரு பாதி மற்றதை வாய்மூடச் சொல்வதைப் பற்றியது.

முதல் வகுப்புக் குழந்தைகளை எழுதச் சொல்லிவிட்டு அவர்களுடைய மறுகையைக் கவனியுங்கள். வலக்கை பென்சிலை அழுத்திப் பிடித்து 'அ' போடும்போது, மேசைமேல் சும்மா கிடக்கும் இடக்கை விரல்களும் மெல்ல வளையும். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னால் மறுகையும் நிழல் போல அதைச் செய்யும். இவற்றைக் கண்ணாடி அசைவுகள் என்கிறோம். சிறு குழந்தைகளில் இவை மிகச் சாதாரணம். பள்ளி ஆண்டுகளில் மெல்லக் குறைந்து, பத்து வயதுவாக்கில் பெரும்பாலும் மறைந்துவிடும். 'ஏன் அந்தக் கையையும் ஆட்டுற?' என்று அதட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதட்டிப் பயனில்லை. அந்தக் கையை நிறுத்த வேண்டிய ஏற்பாடு இன்னும் முழுமையாகவில்லை.

அந்த ஏற்பாடு எது என்பதை ஜெர்மனியில் ஃப்ளோரியன் ஹைனெனின் குழு 1998இல் காட்டியது. தலைக்கு வெளியே இருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் ஒரு பக்க இயக்கப் பகுதியைத் தூண்டலாம். வலியற்ற முறை. பெரியவர் ஒருவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கையை ஆளாத பக்க மூளையைத் தூண்டினால், கைத்தசை ஒரு கணம் அடங்கிப் போகும். தூண்டப்பட்ட பாதி, கலோசத்தின் வழியாக மறுபாதிக்கு 'நிறுத்து' என்று சொல்லிவிட்டது என்று பொருள். பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்தபோது அந்த அடக்கம் தென்படவில்லை. தூண்டுதல் அங்கே இருந்தது, தடுத்தல் அங்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை, இரு கைகளும் ஒன்றையே செய்யாத வேலைகள். பொத்தான் போடுவது, தேங்காய் துருவுவது, பூத்தொடுப்பது, நோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதுவது. எதிலும் ஒரு கை பிடிக்கிறது, மற்றது செய்கிறது. இதற்கு வேண்டியது மறுபாதியின் செய்தி மட்டுமில்லை, அதன் மௌனமும்கூட. மூன்று வயதுக் குழந்தை கத்தரிக்கோலைக் கையாளத் தடுமாறுவதற்கு விரல்கள் மட்டும் காரணமில்லை.

இப்போது வரலாற்றுக்குப் போய்த் திரும்பி வருகிறேன். இந்தப் பட்டை எதற்காக இருக்கிறது என்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. 1940 வாக்கில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் வான் வாகெனென் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவாமல் தடுக்க இதை வெட்டினார். வெட்டியபின் நோயாளிகளைச் சோதித்த அகெலைட்டிஸ், குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. கார்ல் லாஷ்லி போன்ற பெரிய அறிவியலாளர்களே, மூளையின் இரு பாதிகளும் தொய்ந்து விழாமல் தாங்குவதற்குத்தான் இது இருக்கிறது போலும் என்று கேலி பேசினார்கள். ரோஜர் ஸ்பெர்ரியும் ரொனால்ட் மையர்ஸும் ஐம்பதுகளில் பூனைகளை வைத்துச் செய்த சோதனைகளும், 1962இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசப் போகனும் பிலிப் வோகலும் வெட்டிய நோயாளியை மைக்கேல் கஸானிகா சோதித்ததும்தான் அந்தக் கேலிக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இடக்கையில் மறைத்துக் கொடுத்த பொருளை அந்த நோயாளியால் பெயர் சொல்ல முடியவில்லை. பேசும் இடப்பாதிக்கு அந்தக் கை அறிந்தது எட்டவில்லை. 1981இல் ஸ்பெர்ரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் தெரியாத கதை மான்ட்ரியாலில் நடந்தது. கடுமையான வலிப்புக்காக இதே அறுவையைச் சிறு வயதிலேயே செய்துகொண்ட குழந்தைகளை மரீஸ் லசோந்த் எண்பதுகளில் சோதித்தார். ஒரு கையில் தொட்டதை மறுகையால் அடையாளம் காணும் வேலையை, பருவமடைவதற்கு முன் வெட்டப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே செய்தார்கள். பதின்வயதிலும் அதற்குப் பின்னும் வெட்டப்பட்டவர்களால் முடியவில்லை. கத்தி ஒன்றுதான், வெட்டிய இடமும் ஒன்றுதான், வயது மட்டுமே வேறு. குழந்தையின் மூளை அடுத்த பாதையைத் தேடிக்கொண்டுவிட்டது.

கலோசம் உருவாகாமலேயே பிறப்பவர்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார். 'ரெயின் மேன்' படத்துக்கு முன்மாதிரியாக இருந்த கிம் பீக் அவர்களில் ஒருவர், ஆனால் அவரை வைத்து மற்றவர்களைப் புரிந்துகொள்ள முயலக் கூடாது. அவர் எல்லா வகையிலும் விதிவிலக்கு. இவர்களுக்கு ஸ்பெர்ரியின் நோயாளிகளுக்கு ஏற்பட்டது போன்ற பிளவு இல்லை. இடக்கை தொட்டதைப் பெயர் சொல்லிவிடுவார்கள். எப்படி? ரியோ டி ஜெனிரோவில் ஃபெர்னாண்டா டோவார் மோல், ராபர்ட்டோ லென்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அப்படிப் பிறந்தவர்களின் மூளையில், நடுமூளை வழியாகவும் முன்மூளையின் அடிப்பகுதி வழியாகவும் செல்லும் இணைப்புகள் இருந்தன. நம்மிடம் இல்லாத பாதைகள் அவை. கருவிலேயே வழி மறிக்கப்பட்ட இழைகள் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நடுமூளை என்று சொன்னவுடன் உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்களில் 'நடுமூளை தூண்டல்' என்று விளம்பரம் வைக்காத தெரு உண்டா? பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்தித்தாள் படிக்க வைத்தார்கள், நிறம் சொல்ல வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம். மூக்கின் பக்கவாட்டில் கட்டுக்கும் கன்னத்துக்கும் இடையே இருக்கும் இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் அதன் ரகசியம் என்பதை மங்களூரின் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் பலமுறை செய்தே காட்டினார்கள். நடுமூளை யாருக்கும் உறங்கிக்கொண்டிருப்பதில்லை. அது உறங்கினால் கண்ணை அசைக்க முடியாது, விழித்திருக்கவே முடியாது. எனக்கு வருத்தம் அந்தப் பெற்றோர்மேல் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பெரியவர்களை ஏமாற்றலாம், அதற்குக் கைதட்டல் கிடைக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்தோமே, அதுதான் வருத்தம்.

இதைவிட மரியாதையான உடையில் வருவது 'இடமூளைக் குழந்தை, வலமூளைக் குழந்தை' என்ற பிரிவினை. கணக்குப் போடுபவன் இடது, படம் வரைபவள் வலது. யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2013இல் ஏழு முதல் இருபத்தொன்பது வயது வரையிலான 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை. மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்கம்தான். ஆனால் ஒருவருடைய மூளை முழுதுமாக இடப்பக்கமோ வலப்பக்கமோ வலுத்திருப்பதாக எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. வலக்கையால் இட முழங்காலைத் தொட்டால் இரு பாதிகளும் இணையும் என்று சொல்லும் 'பிரைன் ஜிம்' பயிற்சிகளுக்கும் இதே கதிதான். அவற்றை ஆராய்ந்த மதிப்பாய்வுகளில் கல்விப் பலனுக்குச் சான்று கிடைக்கவில்லை. உடற்பயிற்சியாகச் செய்யுங்கள், நன்றாகத்தான் இருக்கும். கலோசத்தின் பேரைச் சொல்லிக் கட்டணம் வாங்காதீர்கள்.

இன்னொரு வதந்தியும் உண்டு: பெண்களின் கலோசம் பெரியது, அதனால்தான் அவர்கள் ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறார்கள் என்பது. இதற்கு மூலம் 1982இல் வந்த ஒரு சிறு ஆய்வு. மொத்தம் 14 மூளைகள். 1997இல் பிஷப்பும் வால்ஸ்டனும் அதுவரை வந்த ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று முடித்துவைத்தார்கள். சமையலறையில் ஒருவரே பல வேலை செய்வதற்கான காரணத்தை நாம் மூளைக்கு வெளியேதான் தேட வேண்டும்.

பயிற்சியால் எதுவுமே ஆகாது என்று சொன்னால் அதுவும் தவறு. காட்ஃப்ரீட் ஷ்லாக் 1995இல் கண்டது இது: ஏழு வயதுக்கு முன் பயிலத் தொடங்கிய இசைக்கலைஞர்களின் கலோசத்தின் முன்பாதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பெரிய கலோசம் இருந்ததால் இசைக்கு வந்தார்களா, இசையால் பெரிதானதா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடையில்லை. 2009இல் அவரும் கிறிஸ்டா ஹைடும் சேர்ந்து, ஆறு வயதையொட்டிய குழந்தைகளைப் பயிற்சிக்கு முன்பும் பதினைந்து மாத விசைப்பலகைப் பயிற்சிக்குப் பின்பும் படமெடுத்தபோது, கலோசத்தின் நடுப்பகுதி உட்பட இயக்கத்தோடும் செவிப்புலனோடும் தொடர்புடைய பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. பயிற்சி பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. இதைக் கேட்டவுடன் என் மனம் மிருதங்க வகுப்புக்குப் போய்விடுகிறது. வலந்தலையில் ஒரு கையும் தொப்பியில் ஒரு கையும் வெவ்வேறு சொற்களை வெவ்வேறு அழுத்தத்தில் தந்தாக வேண்டிய கலை அது. சிறு வயதில் பயில்வோரிடம் இதை அளந்து பார்த்தால் சுவையாக இருக்கும். ஆனால் மூளைக்காக மிருதங்கம் கற்றுக்கொடுக்காதீர்கள். மிருதங்கத்துக்காகக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக, என் அறைக்கு வரும் ஒரு கேள்வி. இருபதாவது வார ஸ்கேனில் 'கலோசம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கும் தாளோடு கணவனும் மனைவியும் வருவார்கள். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரங்களைத் தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். ஆகவே முடிவெடுக்க நாள் குறைவு. வீட்டுப் பெரியவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது, வேறு குறை எதுவும் இருக்கிறதா என்று கருவின் எம்ஆர்ஐயும் மரபணுச் சோதனையும் பார்க்க வேண்டும் என்பது. கலோசம் மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தால், இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், ஏறத்தாழ நான்கில் மூன்று குழந்தைகள் தொடக்க ஆண்டுகளில் இயல்பாகவே வளர்கிறார்கள். குப்புற விழுவதும் நடப்பதும் பேசுவதும் ஏறத்தாழ உரிய காலத்தில் வந்துவிடும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டும், அது ஆசிரியர்களான உங்களுக்கும் உரியது. கலிபோர்னியாவில் வாரன் பிரவுனும் லின் பாலும் இப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவுத்திறன் சராசரியாக இருப்பவர்களிடமும் சில நுட்பமான இடர்ப்பாடுகள் உண்டு என்று அவர்கள் கண்டார்கள். புதிய சிக்கல்களை வேகமாகத் தீர்க்க முடிவதில்லை. நகைச்சுவையின் முடிச்சு பிடிபடுவதில்லை. பேசுபவரின் குரலில் உள்ள உணர்ச்சி பிடிபடுவதில்லை. பழமொழி நேர்ப்பொருளில் நின்றுவிடுகிறது. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றால் யானை எங்கே விழுந்தது என்று கேட்கும் பிள்ளை அது. இவை நான்கு வயதில் தெரியாது, ஏனென்றால் நான்கு வயதில் எந்தக் குழந்தைக்குமே இவை முழுதாக வராது. மற்றக் குழந்தைகளின் கலோசம் உறையேறி விரைவடையும் ஒன்பது, பத்து, பன்னிரண்டு வயதில்தான் இடைவெளி வெளிப்படுகிறது. குழந்தை பின்தங்கிவிடவில்லை. கூட இருந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள்.

ஆகையால் ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் நண்பர்கள் இல்லாமல் நிற்கும்போது, கட்டுரைக் கேள்விகளில் சொன்னதையே திரும்பத் திரும்ப எழுதும்போது, 'திமிர்', 'சோம்பல்' என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிறந்த நேரத்தில் ஏதாவது ஸ்கேன் எடுத்தார்களா என்று. எடுத்திருப்பார்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று யாரோ சொல்லியனுப்பியதால் அந்தத் தாளை எங்கோ வைத்திருப்பார்கள். அதனால் நான் அந்தப் பெற்றோரை இரண்டு வயதுப் பரிசோதனையோடு விடுவிப்பதில்லை. எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் மீண்டும் வரச் சொல்லிக் கோப்பிலேயே எழுதிவைக்கிறேன். வருகிறவர்கள் குறைவுதான். ஆனால் வருகிறவர்களின் ஆசிரியரோடு தொலைபேசியில் பேச முடிகிறது. நீளமான ஒரு கட்டளையைத் துண்டு துண்டாகச் சொல்வது, உவமையாகச் சொன்னதை நேராகவும் ஒருமுறை சொல்வது, தேர்வில் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்குவது என்று அந்தப் பேச்சில் முடிவாகிறவை எல்லாம் சிறிய ஏற்பாடுகள்தான். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றுதான் சொல்கிறார்கள்.